எடையும் வேகமும்: ஒரு தடுப்பாட்டக்காரரின் கதை

அமெரிக்காவின் வட எல்லையில் மின்னசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளைக் காண ஒரு பெரியவர் நெடுங்காலமாக வந்துபோவது வழக்கம். உயரம் ஆறடி நான்கு அங்குலம். கழுத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல முடிச்சிட்ட டை. அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் 22 ஆண்டுகளுக்கு மேல் நீதியரசராக இருந்தவர் அவர். ஆனால் குழந்தைகளுக்கு அவருடைய பதவியில் அவ்வளவு அக்கறை இல்லை. அவர்கள் கண் போவதெல்லாம் அவருடைய சுண்டுவிரலின் மேல்தான். அது மற்ற விரல்களோடு சேர்ந்து நிற்காமல், கணுவில் திரும்பி, ஏறத்தாழச் செங்கோணத்தில் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்!

“இது ஏன் இப்படி இருக்கிறது?” என்று குழந்தைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வைத்தே, பள்ளி ஆசிரியையான தம் மகள் கேமியுடன் சேர்ந்து 2013-இல் அவர் ஒரு சிறுவர் புத்தகம் எழுதினார்.

விடை எளிது. விரல் மூட்டில் எலும்பையும் எலும்பையும் பிணைத்து வைப்பவை தசைநார்கள். பலத்த அடி படும்போது எலும்பு இடம் பெயர்கிறது, தசைநார் கிழிகிறது. ஓய்வு கொடுத்துச் சரியாகப் பொருந்த விடாமல் திரும்பத் திரும்ப அடிபட்டால், மூட்டு தன் பழைய நிலைக்கு வருவதே இல்லை. அந்தப் பெரியவர் 15 ஆண்டுகள் தொழில்முறைக் காற்பந்து ஆடியவர். அவர் பெயர் ஆலன் பேஜ்.

அந்த ஆட்டம் அவர் உடலில் விட்டுச் சென்ற அடையாளம் அந்த விரல். ஆனால் ஆட்டம் கேட்ட இன்னொன்றை அவர் கொடுக்க மறுத்தார். அது என்ன? அதை அறிய, முதலில் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் ஒன்று, ஆட்டம் வேறு

காற்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது காலால் உதைத்து ஆடும் ஆட்டம். அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது அதை அன்று. அவர்களுடைய பந்து உருண்டையாக இராது. இரு முனைகளும் கூராக, ஒரு பெரிய மாங்கொட்டையைப் போல இருக்கும். அதைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான்.

பக்கத்துக்கு 11 பேர். ஆடுகளத்தின் நீளம் 100 கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு சிறு போர் போன்றது. சராசரியாக ஐந்து விநாடி அளவில் முடிந்துவிடும். பிறகு ஏறத்தாழ அரை நிமிடம் ஓய்வு. பிறகு அடுத்த போர்.

பந்தைப் பெற்று, யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவர் ‘குவார்ட்டர்பேக்’. அவரைக் காக்க ஐந்து பருத்த வீரர்கள் அவருக்கு முன்னால் மதில்போல நிற்பார்கள். அந்த மதிலை உடைத்து உள்ளே பாய்வதற்கென்றே எதிரணியில் நான்கு பேர் நிற்பார்கள். இவர்கள்தாம் தடுப்பு வரிசைக்காரர்கள். பேஜ் அந்த நால்வரில் ஒருவர்.

ஒரு முழத்தில் வெற்றி

தடுப்பு வரிசைக்காரர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏன் குனிகிறார்? சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுபவரைக் கவனியுங்கள். அவர் நிமிர்ந்து நின்று தள்ளுவதில்லை. முழங்காலை மடக்கித் தாழ்ந்து தோள் கொடுக்கிறார். உடலின் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் அவரைச் சாய்ப்பது கடினம். மேலும், தாழ்ந்திருப்பவர் எதிராளியைக் கீழிருந்து மேலாகத் தள்ளலாம். அப்போது எதிராளியின் கால்கள் தரையை அழுத்துவது குறைகிறது. அதனால் உராய்வு குறைகிறது. அவர் பிடிமானம் இழக்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பந்து எந்தக் கணத்தில் நகரும் என்பது அதை வைத்திருக்கும் அணிக்கு முன்கூட்டியே தெரியும். எத்தனையாவது குரலில் கிளம்ப வேண்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருப்பார்கள். தடுப்பவர் பந்து அசைவதைக் கண்ணால் கண்ட பிறகே கிளம்ப முடியும். கண் கண்டதை மூளை உணர்ந்து, கட்டளை தசைக்குப் போய்ச் சேர, ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஆக, தடுப்பவர் எப்போதும் தாமதமாகத் தொடங்கும் ஓட்டக்காரர்.

இந்தத் தாமதத்தில் கொஞ்சம் மிச்சப்படுத்தினால் என்ன ஆகும்? விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்பவர், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினால் 40 சென்டிமீட்டர் முன்னே இருப்பார். ஏறத்தாழ ஒரு முழம். எறிவதற்காகக் கையை ஓங்கும் குவார்ட்டர்பேக்கைத் தொடுவதற்கும் தவறவிடுவதற்கும் இடையிலுள்ள தூரம் பல சமயம் அவ்வளவுதான்.

பேஜின் பெருமை இந்த ஒரு முழத்தில் இருந்தது. அவர் தம் வரிசையிலேயே மிகப் பருத்தவர் அல்லர். ஆனால் பந்து அசைந்ததும் கிளம்பும் வேகத்தில் அவருக்கு இணையானவர்கள் அரிது.

கட்டடத் தொழிலாளி

ஆலன் பேஜ் 1945 ஆகஸ்டு 7-ஆம் நாள் ஓஹையோ மாநிலத்தின் கான்ட்டன் நகரில் பிறந்தார். தொழில்முறைக் காற்பந்தின் புகழ் மண்டபம் 1963-இல் திறக்கப்பட்டது அந்த ஊரில்தான். அது கட்டப்பட்டபோது, அங்கே வேலை செய்த ஆட்களில் பள்ளி மாணவரான பேஜும் ஒருவர்! சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1988-இல், அதே மண்டபத்தில் அவருடைய சிலையும் வைக்கப்பட்டது.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்த அவர், 1967-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார. கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், பேஜ் ஆகிய நால்வரும் சேர்ந்த தடுப்பு வரிசை அந்நாளில் எதிரணிகளுக்குச் சிம்ம சொப்பனமாக விளங்கியது. அணியின் சீருடை ஊதா நிறம். ஆகவே இவர்களை ‘ஊதா நிற மனித விழுங்கிகள்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். இவர்கள் காலத்தில் அந்த அணி நான்கு முறை ‘சூப்பர் பௌல்’ என்னும் இறுதிப் போட்டிக்குச் சென்றது. நான்கு முறையும் தோற்றது.

1971-ஆம் ஆண்டில் பேஜுக்கு ‘மிகச் சிறந்த ஆட்டக்காரர்’ விருது கிடைத்தது. அதுவரை தடுப்பாட்டக்காரர் எவருக்கும் அந்த விருது கிட்டியதில்லை. அடுத்தபடி லாரன்ஸ் டெய்லர் என்ற தடுப்பாட்டக்காரர் அதைப் பெற 15 ஆண்டுகள் ஆயின.

குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதற்கு ‘ஸாக்’ என்று பெயர். விந்தை என்னவென்றால், பேஜ் ஆடிய காலம் முழுவதும் இதற்கு அதிகாரபூர்வமான கணக்கே வைக்கப்படவில்லை. 1982-இல்தான் எண்ணத் தொடங்கினார்கள். பேஜ் அதற்கு முந்தின ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார்! பழைய பதிவுகளைத் துருவிப் பிற்காலத்தில் எண்ணியவர்கள் 148½ என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அரை எப்படி வந்தது? இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை.

உந்தத்தின் கணக்கு

இப்போது நம் கதையின் மையத்துக்கு வருவோம். பேஜின் எடை அவருடைய சிறந்த நாள்களில் 245 பவுண்டு, அதாவது 111 கிலோகிராம். மதிலை உடைக்க இது போதுமா?

நகரும் பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 111 கிலோகிராம் உள்ளவர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அவருடைய உந்தம் 444 அலகு. எதிரே நிற்பவர் 135 கிலோகிராம் உள்ளவர். ஆனால் விநாடிக்கு 3 மீட்டர்தான் நகர்கிறார் என்று வையுங்கள். அவருடைய உந்தம் 405 அலகு. எடை குறைந்தவரே வெல்கிறார்.

எடையில் 9 கிலோவைக் குறைத்து 102 ஆக்கினால்? பழைய 444-ஐ எட்ட, விநாடிக்கு ஏறத்தாழ 4.35 மீட்டர் வேகம் வேண்டும். எடையில் இழந்ததை வேகத்தில் ஈடு செய்யலாம் என்பது இதன் பொருள். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் ஆதாயமே உண்டு. அதில் வேகம் இருமடிப் பெருக்கமாக வருவதால், 888 ஜூலிலிருந்து ஏறத்தாழ 965 ஜூலாக அது உயர்கிறது. ஆனால் ஓட இடம் இருந்தால்தான் வேகம் உதவும். இரண்டு பேர் சேர்ந்து மோதி, நின்ற இடத்திலேயே நெட்டித் தள்ளும்போது, பருத்த உடலே நிலைகொள்ளும். ஆகவே ‘எடையா, வேகமா?’ என்ற வாதத்துக்கு இரு பக்கமும் நியாயம் உண்டு.

இந்த வாதம் 1978-இல் பேஜின் வேலைக்கே உலை வைத்தது!

இரண்டு வகை எரிபொருள்

1970-களின் நடுவில் பேஜின் மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்கினார். துணைக்குக் கணவரும் ஓடினார். மனைவிக்குத் துணையாகத் தொடங்கியது நாளடைவில் கணவருக்கே பெரும் பற்றாகிவிட்டது. நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடினார். எடை மெல்ல மெல்ல இறங்கி ஏறத்தாழ 102 கிலோவுக்கு வந்தது.

தடுப்பு வரிசைக்காரர் நெடுந்தூரம் ஓடுவது அந்நாளில் புதுமை மட்டும் அன்று. பொருத்தமற்றது என்றும் கருதப்பட்டது. காரணம் தசைகளின் எரிபொருளில் இருக்கிறது. ஐந்து விநாடிப் பாய்ச்சலுக்குத் தேவையான ஆற்றலைத் தசை தன்னிடமே சேமித்து வைத்திருக்கிறது. ஏ.டி.பி., கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் பொருள்கள்தாம் அந்தச் சேமிப்பு. அவற்றைச் செலவிட உயிர்வளி தேவையில்லை. ஆனால் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். நெடுந்தூர ஓட்டத்துக்கோ, மூச்சில் வரும் உயிர்வளியைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துத்தான் ஆற்றல் பெற வேண்டும். முன்னது வாணவெடி, பின்னது அகல் விளக்கு.

வெடிக்க வேண்டியவருக்கு விளக்கு எதற்கு? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. தீர்ந்துபோன கிரியாட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்புவதற்கு உயிர்வளி தேவை. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையிலுள்ள அரை நிமிடத்தில் அந்த நிரப்பும் வேலை நடக்கிறது. இதயமும் நுரையீரலும் நன்கு பழகியவருக்கு அது விரைவாக நடக்கும். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பருத்தவர்கள் மூச்சு வாங்கும்போது, ஓடிப் பழகியவர் புதிதாகப் பாய முடியும்.

பயிற்சியாளர் பட் கிராண்ட் வேறு விதமாகக் கருதினார். எடை குறைந்த பேஜ் பழைய வலுவுடன் ஆடவில்லை என்பது அவர் முடிவு. 1978 அக்டோபரில், 11 ஆண்டுகள் அணியின் தூணாக இருந்தவர் விடுவிக்கப்பட்டார். அப்படி விடுவிக்கப்பட்டவரைச் சிக்காகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அதற்காக அது செலுத்த வேண்டியிருந்த கட்டணம் வெறும் 100 டாலர்!

அந்த 100 டாலர் ஆட்டக்காரர் சிக்காகோவுக்காக மேலும் 58 ஆட்டங்கள் ஆடினார். குவார்ட்டர்பேக்குகளை 40 முறை வீழ்த்தினார். 1979-இல், தொழில்முறையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்தார். அவ்வாறு முடித்த முதல் வீரர் அவரே. இரு அணிகளுக்குமாக இடைவிடாமல் அவர் ஆடிய ஆட்டங்கள் 218. எடை குறைந்ததால் வலுவிழந்தார் என்று இந்த எண்கள் சொல்லவில்லை.

பருத்த உடலின் விலை

பேஜ் ஓய்வு பெற்ற பின், தடுப்பு வரிசைக்காரர்களின் எடை ஏறிக்கொண்டே போயிற்று. 1985-இல் வில்லியம் பெர்ரி என்ற வீரர் 136 கிலோவைத் தாண்டியிருந்ததால், ‘குளிர்பெட்டி’ என்ற பட்டப் பெயரோடு நாடெங்கும் வேடிக்கைப் பொருளானார். இன்றோ அந்த எடை அந்த வரிசையில் சாதாரணம்.

இந்த எடைக்கு உடல் என்ன விலை கொடுக்கிறது? வீரர்கள் இளமையிலேயே இறந்துவிடுகிறார்கள் என்ற பேச்சு பரவியபோது, வீரர்களின் சங்கம் உண்மையை அறிய விரும்பியது. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, 1994-இல் முதல் முடிவையும் 2012-இல் அடுத்த முடிவையும் வெளியிட்டது. 1959-க்கும் 1988-க்கும் இடையில் ஐந்து பருவங்களாவது ஆடிய 3,439 வீரர்கள் ஆராயப்பட்டனர். பேஜ் ஆடிய ஆண்டுகள் முழுவதும் அதில் அடங்கும்.

முடிவு இரு முகம் கொண்டது. வீரர்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், அதே வயதுள்ள பொதுமக்களைவிட அவர்களுடைய இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் தடுப்பு வரிசைக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, இதய நோயால் இறப்பது பொதுமக்களைவிட 42 விழுக்காடு கூடுதலாக இருந்தது! மேலும், ஆடிய காலத்தில் உடல் நிறை எண் 30-ஐ எட்டியவர்களுக்கு, மற்ற வீரர்களைவிட இதய நோய் மரண வாய்ப்பு இரு மடங்கு.

உடல் நிறை எண் என்பது யாது? கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவது. பேஜின் உயரம் 1.93 மீட்டர். 111 கிலோ எடையில் அவருடைய எண் 29.8. எல்லைக்கோட்டின் விளிம்பு! 102 கிலோவில் அது 27.4. தசைக்கும் கொழுப்புக்கும் இந்த எண்ணில் வேற்றுமை தெரியாது. எனவே விளையாட்டு வீரர்களுக்கு இது நுட்பமான அளவுகோல் அன்று. ஆனாலும் எடை தசையானாலும் கொழுப்பானாலும், அவ்வளவு பெரிய உடலுக்கு இரத்தம் பாய்ச்ச வேண்டிய இதயம் ஒன்றுதான் அன்றோ!

பருத்த உடலுக்கு வேறோர் இடரும் உண்டு. கழுத்து தடித்தவர்களுக்கு உறங்கும்போது மூச்சுக்குழல் வழி அடைபட்டு, மூச்சு விட்டுவிட்டு நிற்பதுண்டு. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது, இதயம் திணறுகிறது. பேஜுக்குப் பின் வந்த தலைசிறந்த தடுப்பு வரிசைக்காரர் ரெஜி வைட் 2004 டிசம்பர் 26 அன்று 43 வயதில் காலமானார். சார்க்காய்டோசிஸ் என்ற நோய் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கியதால் இதயத் துடிப்பு தாறுமாறானதே காரணம் என்று கருதப்பட்டது. உறக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறும் துணைக் காரணமாகக் குறிப்பிடப்பட்டது. அவர் பெயரால் அவர் குடும்பத்தினர் உறக்கக் கோளாறுகளுக்காக ஓர் அறக்கட்டளை நிறுவினர்.

தலையில் படும் அடிகளால் மூளைக்கு நேரும் கேடு தனிக் கட்டுரைக்கு உரியது. அதை இங்கே விரிக்கவில்லை.

இந்த ஆய்வுகள் எவையும் 1970-களில் பேஜின் கையில் இல்லை. அவர் ஓடியது ஓட்டம் பிடித்திருந்ததால். ஆனால் தம் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொழில் மட்டுமே தீர்மானிக்க அவர் விடவில்லை. 1987-இல், 42 வயதை நெருங்கிய நிலையிலும் அதைக் கடந்த நிலையிலும் பலர் மாடிப்படி ஏறவே தயங்கும்போது, அவர் 100 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை ஓடி முடித்தார்.

படிக்கத் தெரியாத தோழர்கள்

ஆட்டத்தில் இருந்தபோதே பேஜ் இன்னொன்றும் செய்தார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1978-இல் பட்டம் பெற்றார். அணி அவரைக் கைவிட்ட அதே ஆண்டு! ஆடாத மாதங்களில் வழக்குரைஞராகப் பணியாற்றினார். பின்னர் மாநிலத்தின் உதவி அரசு வழக்குரைஞரானார்.

1992-இல் உச்ச நீதிமன்றத் தேர்தலில் நிற்க முனைந்தபோது, பதவியிலிருந்த நீதிபதி ஒருவரின் காலம் நீட்டிக்கப்பட்டுத் தேர்தலே இல்லாமல் போகும் நிலை வந்தது. பேஜ் வழக்குத் தொடுத்தார், வென்றார், தேர்தலிலும் வென்றார். 1993-இல், மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசராகப் பதவி ஏற்றார். 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதிப்படி 2015-இல் ஓய்வு பெற்றார். 2018-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவரை ஓட வைத்த டயான் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு காலமாகியிருந்தார்.

பேஜ் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள் பயிற்சியாளர், ஆட்டத் திட்டங்கள் அச்சிட்ட கையேட்டை வீரர்களிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். சிலர் படித்தார்கள். சிலரால் படிக்க முடியவில்லை. அவர்கள் கல்லூரி வரை போய் வந்தவர்கள்! உடல் வலு இருந்ததால் யாரும் அவர்களுடைய படிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தபின் அவர்களுக்கு என்ன இருக்கும்?

1988-இல் புகழ் மண்டபத்தில் தம்மை அறிமுகம் செய்ய அவர் அழைத்தது எந்தப் பயிற்சியாளரையும் அன்று. ஒரு பள்ளித் தலைமை ஆசிரியையை. அதே ஆண்டு அவரும் டயானும் பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினர். மின்னசோட்டாவின் சிறுபான்மை இன மாணவர்களுக்கு மேற்படிப்புக்கு அது உதவித்தொகை தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உதவி பெறுபவர் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தம்மினும் சிறிய பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கவோ துணை நிற்கவோ வேண்டும். உந்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதைப் போலத்தான் இதுவும். 2017-இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

நண்பர்களே, உங்களில் சிலர் விளையாட்டில் பெயர் எடுக்க விரும்புவீர்கள். நல்லது; விரும்புங்கள். ஆனால் ஆட்டம் உங்கள் உடலிடம் எதைக் கேட்கிறது, அதற்கு விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஜ் தொழில்முறையில் ஆடியது 15 ஆண்டுகள். நீதிமன்றத்தில் அமர்ந்தது அதைவிட நீண்ட காலம். பள்ளிக் குழந்தைகளோடு பேசியது எல்லாவற்றையும்விட நீண்ட காலம். ஆட்டத்துக்கு அவர் ஒரு சுண்டுவிரலைத்தான் கொடுத்தார். மற்றதைப் பின்னால் வரப்போகும் நாள்களுக்காக வைத்துக்கொண்டார்.